வீட்டுப் பாலுக்கு வெள்ளாடு: கடலூர், புதுவைப் பக்கம் எந்த இனம் தாங்கும், எப்படி வளர்ப்பது

வீட்டுப் பாலுக்காக வெள்ளாடு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆடு அதிகம் கறக்கும்?" என்பதுதான். வியாபாரியும் ஜமுனாபாரி மூன்று லிட்டர், பீட்டல் மூன்று லிட்டர் என்று சொல்லி முடித்துவிடுவார். ஐப்பசியில் சேற்றில் நின்று, ஈரத்தழை தின்று, கழிச்சல் கண்டுவிட்டால் அந்த மூன்று லிட்டர் ஆடும் கால் லிட்டருக்கு இறங்கிவிடும். நம் பக்கத்தில் பாலைத் தீர்மானிப்பது தாய்வழி மடியும், அன்றாடம் போடும் தழையும், மழை மாதங்களில் காய்ந்து கிடக்கும் தரையும். இனத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். நல்ல தலைச்சேரி ஆடு, குட்டி போட்ட இரண்டாம் மாதத்தில் நாளுக்கு ஒரு லிட்டரை ஒட்டிச் சுரக்கும். இரண்டு குட்டிகளின் பங்கு போக, காலையில் வீட்டுக்குக் கிடைப்பது 400 முதல் 600 மில்லி. காபி, டீக்கு மட்டும் என்றால் இரண்டு ஆடுகள் போதும். தினமும் ஒரு லிட்டர் வேண்டுமானால் எந்த நேரத்திலும் இரண்டு ஆடுகள் கறவையில் இருக்க வேண்டும். அதற்கு நான்கு ஆடுகள் வேண்டும். ஒற்றை ஆடு மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். கூட்டம் இல்லாத வெள்ளாடு நாள் முழுக்கக் கத்தும், தீனியும் ஒழுங்காக எடுக்காது.

இனங்கள்

தலைச்சேரி நம் கடலோரத்துக்கு முதல் தேர்வு. மலபார் கரையில் கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் உருவான இனம் என்பதால் புழுக்கமும் அடைமழையும் அதற்குப் புதிதல்ல. வெள்ளை, கருப்பு, பழுப்பு, கலப்பு என எல்லா நிறத்திலும் வரும். நிறத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. பெட்டை 30 முதல் 35 கிலோ இருக்கும். இரட்டைக் குட்டி சாதாரணம். மூன்று குட்டி போட்டால் பெருமையாக இருக்கும், ஆனால் அந்த ஈற்றில் வீட்டுக்குப் பால் மிஞ்சாது.

பார்பரி உத்தரப்பிரதேசத்தின் ஆக்ரா, மதுரா, எட்டா பக்கத்து ஆடு. வெள்ளையில் பழுப்புப் புள்ளி, குட்டையான நிமிர்ந்த காது, 22 முதல் 25 கிலோ எடை. மேய்ச்சல் இல்லாமல் கட்டிப்போட்டு வளர்க்க இதைவிடப் பொருத்தமான ஆடு இல்லை. புதுவை நகர எல்லையிலோ, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற இடங்களிலோ கொல்லைப்புறம் மட்டும் இருப்பவர்களுக்கு இதுதான் சரி. நாளுக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும். தீனி குறைவு, முதல் குட்டி ஒன்றே கால் வயதுக்குள் வந்துவிடும். காம்பு சிறியது, கறக்க விரல் பழக வேண்டும்.

ஜமுனாபாரி யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட எட்டாவா பகுதியைச் சேர்ந்தது. வளைந்த மூக்கு, ஒரு சாணைத் தாண்டும் தொங்கு காது, உயரமான உடல். நல்ல வழி என்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கறக்கும். ஆனால் இது அண்ணாந்து மரத்தழை கடிக்கும் ஆடு. தரையில் புல் மேயவிட்டால் இளைத்துப்போகும். முதல் குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு வயது ஆகும், பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். சதுப்பிலும் களிமண்ணிலும் குளம்பு அழுகும், காது முள்வேலியில் கிழியும், கிழிந்த இடத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேட்டில், பலாவும் வேம்பும் உள்ள தோப்பில் வைத்திருப்பவருக்கு இது நல்ல பால் தரும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வயல்வெளிக்கு இது வேண்டாம்.

பஞ்சாபின் குர்தாஸ்பூர், பட்டாலா பக்கத்துப் பீட்டல் ஜமுனாபாரிக்குத் தம்பி போன்றது. பாலும் ஏறக்குறைய அதே அளவு, கொட்டில் தீனிக்கு அதைவிட இணங்கும். பெரிய ஆடுதான் வேண்டும் என்றால் ஜமுனாபாரியைவிட இதையே பரிந்துரைப்போம்.

கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகியவை நம் மாநிலத்தின் அருமையான இறைச்சி இனங்கள். பால் குட்டிக்குத்தான் சரியாக இருக்கும். ஊரில் உள்ள பள்ளை ஆட்டில் குட்டி போகக் கால் லிட்டர் கிடைத்தால் பெரிது. ஆனாலும் பள்ளை ஆட்டுக்கு நோய் தாங்கும் உடம்பு உண்டு. அதைத் தலைச்சேரிக் கிடாவுக்குச் சேர்த்து, பிறக்கும் பெட்டையை மறுபடியும் வேறொரு தலைச்சேரிக் கிடாவுக்குச் சேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் மடி தெளிவாக மாறும். செலவு குறைந்த வழி இதுதான், பொறுமை வேண்டும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் சானன், ஆல்பைன் இனங்களைப் படத்தில் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. சானனின் வெளிறிய தோல் நம் அக்னி வெயிலைத் தாங்காது. மூச்சு இரைத்தே பால் வற்றிவிடும்.

இரண்டு மூன்று இனங்களைச் சேர்த்து வைத்தால் தீனித் தொட்டியைப் பிரித்துவிட வேண்டும். ஜமுனாபாரிக்குத் தொட்டி அதன் நெஞ்சு உயரத்தில், பார்பரிக்கு முக்கால் அடி உயரத்தில். ஒரே தொட்டி வைத்தால் பெரியது முட்டி விரட்டும், சின்னது இளைக்கும். காரணம் தெரியாமல் நாம் புழு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். ஜமுனாபாரி, பீட்டல் கிடாவைப் பார்பரிப் பெட்டைக்கோ பள்ளைக்கோ, முக்கியமாக முதல் ஈற்றில், சேர்க்கவே கூடாது. குட்டி பெரிதாகி வழியில் சிக்கும், தாயும் குட்டியும் சேர்ந்து போகும்.

வாங்கும்போது

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தை ஆடு விற்க நல்ல இடம். கறவை ஆடு வாங்க நல்ல இடமல்ல. அங்கு வருபவை பெரும்பாலும் கறிக்குப் போகும் ஆடுகள், பல ஊர் நோயும் கலக்கும். மடி புடைத்துத் தெரிய ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் ஓட்டி வருவதும் உண்டு. கறவை ஆட்டை வளர்ப்பவர் வீட்டிலேயே பாருங்கள். மாலை உங்கள் கண்முன் முழுக்கக் கறந்து, குட்டியைப் பிரித்து அடைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் விடியலில் போய் மறுபடியும் கறக்கச் சொல்லி அளந்து பாருங்கள். அந்த அளவுதான் உண்மை.

கறந்த பிறகு மடி வெறும் பை போலச் சுருங்க வேண்டும். சுருங்காமல் கெட்டியாக நின்றால் அது சதை மடி, அல்லது பழைய மடிவீக்கத்தின் தழும்பு. இரண்டு காம்பும் ஒரே அளவில், கீழ்நோக்கி, தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கட்டும். கூடுதல் காம்பு முளைத்த ஆடு வேண்டாம். வாயைத் திறந்து பல் பாருங்கள்: இரண்டு பல் என்றால் ஒன்றேகால் வயது, நாலு பல் என்றால் ஒன்றேமுக்கால், ஆறு பல் என்றால் இரண்டரைக்குள், எட்டுப் பல் என்றால் அதற்கு மேல். நாலு பல், ஆறு பல்லில் இரண்டாம் ஈற்று ஆடு கிடைத்தால் அதுவே சிறந்தது. முதல் ஈற்றில் பால் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கீழ்த்தாடை எலும்பின் கீழே வீக்கமோ சீழ்க்கட்டியோ இருந்தால் திரும்பிவிடுங்கள்.

கன்று வீச்சு நோய் என்னும் புரூசெல்லோசிஸ் ஆட்டிலிருந்து மனிதருக்குப் பரவும்; பச்சைப் பாலிலும், குட்டி போடும்போது வரும் நீரிலும் கிருமி இருக்கும். பால் குடிக்கப்போகும் வீடு, வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. புதுவைக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரிக்கலாம். கடலூர் மாவட்டத்தினர் அருகிலுள்ள கால்நடை மருந்தகம் வழியாக மாதிரி அனுப்பலாம். வாங்கிய ஆட்டை 21 நாள் மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். பழைய வீட்டில் என்ன தீனி தின்றதோ, முதல் வாரம் அதையே போட்டு மெல்ல மாற்றுங்கள்.

கொட்டகை

மழை மாதங்களில் ஆட்டின் கால் தரையில் படக்கூடாது. இதற்காகத்தான் பரண். செம்மண் மேட்டில் மண்தரையைக் கெட்டித்துச் சரிவாக விட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம், களிமண் பூமியில் பரண் இல்லாமல் முடியாது. பரண் உயரம் 4 அடி. அப்போதுதான் ஆள் குனிந்து புழுக்கையை வாரலாம். நம் கரையில் சவுக்குக் கழி தாராளமாகக் கிடைப்பதால் பலரும் உருட்டுக் கழியையே தளமாகப் பரப்பிவிடுகிறார்கள். உருண்டையில் குளம்பு வழுக்கும், இடைவெளியும் சமமாக வராது. சவுக்கைத் தூணுக்கும் விட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, தளத்துக்கு 2 அங்குல அகலத்தில் தட்டையாக அறுத்த பனைச் சட்டம் போடுங்கள். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி பெரிய ஆட்டுக்கு 1.5 செ.மீ., குட்டிகள் படுக்கும் பகுதிக்கு 1 செ.மீ. அதைவிட அகலமானால் கால் நுழைந்து முறியும். குறுகினால் புழுக்கை விழாமல் அடைத்து, ஈரம் தங்கி, பரண் போட்டதன் பலனே போய்விடும்.

ஒரு பெட்டைக்கு 10 முதல் 12 சதுர அடி, ஜமுனாபாரிக்கு 15, குட்டிக்கு 4 என இடம் விடுங்கள். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். நம்மை நனைப்பது வடகிழக்கு மழை என்பதால் வடக்குப் பக்கமும் கிழக்கு முகப்பும் ஐப்பசி முதல் மார்கழி வரை கீற்றுத் தட்டியோ தார்ப்பாயோ கட்டி மறைக்க வேண்டும். தெற்கைத் திறந்தே விடுங்கள். முழுவதையும் மூடினால் கீழே சேரும் மூத்திரத்தின் நெடி நுரையீரலைக் கெடுத்துச் சளி பிடிக்கும். கூரை இறவாணம் இரண்டரை அடி வெளியே நீளட்டும். பரணுக்கு அடியில் வாரம் ஒருமுறை வாரிச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள்.

புயலை மறந்து இங்கே கொட்டகை போட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுவை அருகே கடந்து வெள்ளக்காடாக்கியது. தூண்களை இரண்டரை அடி ஆழம் புதைத்து, கூரைக் கட்டை ஒவ்வொன்றையும் தூணோடு கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். எச்சரிக்கை வந்ததும் ஆட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். வெள்ளத்தில் கட்டிக் கிடக்கும் ஆடு தப்பாது. ஒரு ஆட்டுக்குப் பத்து நாளைக்கு 15 கிலோ காய்ந்த கொடி என்ற கணக்கில் மேட்டில் போர் போட்டு மூடி வைத்திருங்கள். தழை வெட்டப் போக முடியாத நாட்களில் அதுதான் பாலைக் காப்பாற்றும்.

தீனி

30 கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு நாளுக்கு 4 கிலோ பசுந்தீனி. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மரத்தழையோ பயறுவகைத் தழையோ இருக்க வேண்டும். கூடவே அரைக் கிலோ காய்ந்த தீனி. பார்பரிக்கு இதில் கால் பங்கு குறைத்து, ஜமுனாபாரிக்குப் பாதி கூட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த தீனிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. மல்லாட்டை (நிலக்கடலை) கொடியும், நெல் அறுத்த வயலில் விளையும் உளுந்தின் கொடியும் வைக்கோலைவிடப் பல மடங்கு மேல். இலை உதிராமல் நிழலில் காயவைத்துச் சேமியுங்கள். வைக்கோல் மாட்டுக்கு. ஆடு அதை மிதித்துவிட்டு நகரும்.

தழையில் அகத்தி முதலிடம். ஆனால் அகத்தியை மொட்டையாக வெட்டினால் பட்டுப்போகும். பக்கக் கிளையை மட்டும் ஒடியுங்கள். வேலியோரம் கிளைரிசிடியாக் கம்பை மூன்றடி நீளத்தில் மழைக்கு முன் நட்டுவிட்டால் வருடம் முழுக்கத் தழை. அதன் வாடைக்கு ஆடு முதலில் முகம் திருப்பும். அரை நாள் வாடவைத்துப் போட்டால் தின்னப் பழகிவிடும். சவுண்டல் (சூபாபுல்) தழை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். பண்ருட்டிப் பக்கத்தில் பலா இலையே பாதித் தீனி, ஆடு விரும்பித் தின்னும். வைகாசி, ஆனியில் பலாச்சக்கையைக் குவித்துப் போடுவதுதான் ஆபத்து. அந்த இனிப்பு வயிற்றில் புளித்து, ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஒரு ஆட்டுக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். முந்திரிப் பழமும் அப்படியே. மருந்து அடித்த முந்திரித் தோப்பிலிருந்து தழையோ புல்லோ எடுக்காதீர்கள்.

இளஞ்சோளமும், வெயிலில் வாடி மறுபடி துளிர்த்த சோளமும், பச்சை மரவள்ளி இலையும் நஞ்சு. தின்ற சில நிமிடங்களில் மூச்சு முட்டி விழும். சோளம் பூக்கும் பருவத்துக்கு வந்த பிறகே அறுங்கள், மரவள்ளி இலையை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். அரளி வேலிக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டக்கூடாது.

அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாம். 10 கிலோவுக்கு: அரைத்த மக்காச்சோளம் 4.2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, உளுந்தம்பொட்டு 1.5 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். கறவையில் இருக்கும் ஆட்டுக்கு உடம்புக்கு 200 கிராம், அதற்கு மேல் சுரக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். காலை, மாலை எனப் பிரித்துக் கொடுங்கள். மழைக்காலத்தில் புண்ணாக்கு பூசணம் பிடிக்கும். அந்தப் பூசண நஞ்சு பாலில் இறங்கி நம் குழந்தைகளின் வயிற்றுக்குப் போகிறது, கொதிக்கவைத்தாலும் போகாது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகை மேல் வையுங்கள். பூசண வாடை வந்தால் தயங்காமல் குழியில் புதைத்துவிடுங்கள்.

மீந்த சோறு, கஞ்சி, கல்யாண வீட்டு இலை இவற்றால் செத்த ஆடுகள் ஏராளம். சோறு அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால் 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் புகட்டிவிட்டு, உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். இளந்தழை தின்று இடது வயிறு பறை போல் உப்பினால் 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெய் புகட்டலாம். புகட்டும்போது தலையை மேலே தூக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கறவை ஆடு வெயில் காலத்தில் 7, 8 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கடலோரத்தில் போர் தண்ணீர் கரித்தால் ஆடு குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், பாலும் கூடவே குறையும். பாலுக்கு என்ன ஆயிற்று என்று தேடும் முன் தண்ணீரை நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

சேர்க்கும் மாதம்

சினைக்காலம் 150 நாள். வருடம் முழுக்கப் பால் வேண்டுமானால் கிடாவுக்குச் சேர்க்கும் மாதத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை சேர்த்தால் குட்டி அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, கொட்டும் மழையில் விழும். அவற்றில் பாதியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஒரு ஆட்டை ஆகஸ்ட் நடுவில் சேருங்கள், பொங்கல் சமயத்தில் குட்டி போடும். இன்னொன்றைப் பிப்ரவரியில் சேர்த்தால் ஜூலையில் போடும். ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவைக்கு வந்துவிடும். எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சுழற்சி சீக்கிரமே கார்த்திகையில் கொண்டுபோய் நிறுத்தும். பாலுக்கு வளர்ப்பவருக்கு வருடம் ஒரு ஈற்றே போதும்.

ஜமுனாபாரி நாம் நினைத்த மாதத்தில் பருவத்துக்கு வராமல் போகலாம். பார்பரியும் தலைச்சேரியும் எந்த மாதத்திலும் வரும். வாலை ஓயாமல் ஆட்டுவது, காரணமில்லாமல் கத்துவது, பிறப்புறுப்பு தடித்துச் சளி வடிவது, அன்று பால் குறைவது ஆகியவை அடையாளம். பருவம் ஒன்றரை நாள் வரை நிற்கும், தவறினால் 18 முதல் 21 நாளில் திரும்பும். காலையில் கண்டால் மாலையில் சேருங்கள். நாலைந்து ஆட்டுக்குச் சொந்தக் கிடா தேவையில்லை. கிடாவின் நாற்றம் பாலில் ஏறும், அதன் தீனிச் செலவும் வீண். கடன் கிடாவின் தாய் எவ்வளவு கறந்தது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பெட்டைக் குட்டிக்கு மடி அந்த வழியிலும் வருகிறது.

குட்டி போட ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது கறவையை நிறுத்திவிட வேண்டும். ஒரு வாரம் அடர்தீவனத்தைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறந்து, பிறகு முழுவதும் விடுங்கள். கடைசி ஆறு வாரத்தில் அடர்தீவனத்தை 200 கிராமிலிருந்து மெல்ல 400 வரை ஏற்றுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அப்போது தீனி பற்றாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து, மூச்சில் இனித்த வாடை அடித்து, படுத்துவிடும். அது அவசரம்.

குட்டி போடும்போது அரை மணி நேரம் பலமாக முக்கியும் வராவிட்டால் மருத்துவர் வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும்; இழுக்காதீர்கள். தொப்புளில் டிங்சர் அயோடின் தொட்டு, அரை மணிக்குள் சீம்பால் குடிக்கவையுங்கள். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும்: இரண்டு கிலோக் குட்டிக்கு 200 மில்லி. சீம்பாலை வீட்டுக்கு எடுக்காதீர்கள். அது குட்டியின் உயிர்.

கறவையும் குட்டிப் பங்கும்

முதல் இரண்டு வாரம் குட்டிகள் தாயோடே இருக்கட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் மட்டும், தாய் கண்ணில் படும் தூரத்தில் தனிக் கூண்டில் அடையுங்கள். விடிந்ததும் கறந்துவிட்டு, குட்டிகளை அவிழ்த்துவிட்டால் பகல் முழுக்க அவை குடித்துக்கொள்ளும். ஒரு வேளைக் கறவைதான், ஆனால் குட்டியும் இளைக்காது, மடியும் நாள் முழுக்கக் காலியாகிக்கொண்டே இருக்கும். குட்டிகளை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். தலைச்சேரிக் குட்டி வாரத்துக்கு அரைக் கிலோவாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த வாரம் ஒரு காம்பை மட்டும் கறந்து மற்றதைக் குட்டிக்கு விடுங்கள். மூன்று மாதத்தில் பால் மறக்கடித்துவிட்டால் முழுப் பாலும் வீட்டுக்கு.

கறவைப் பலகை ஒன்று செய்துகொண்டால் முதுகுவலி மிச்சம். நான்கடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முன்னால் இரண்டு நெடுங்கட்டைகள் நடுவே கழுத்து நிற்க 4 அங்குல இடைவெளி, மேலே ஒரு தாழ்ப்பாள், அதற்கு அப்பால் தீனிச் சட்டி. அடர்தீவனத்தை அங்கே மட்டும் வைத்தால் ஒரே வாரத்தில் ஆடு தானாகவே ஏறி நிற்கும்.

மடியை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஈரக் காம்பில் கறந்தால் அழுக்கு நீர் பாலில் சொட்டும். முதல் மூன்று பீச்சைக் கருப்புத் துணி மேல் விடுங்கள். திரி திரியாக, நீர்த்து, ரத்தச் சாயலில் வந்தால் மடிவீக்கம் தொடங்கிவிட்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்பின் மேற்புறத்தை வளையமாக மூட, மற்ற விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். காம்பை இழுப்பதோ, கட்டைவிரலை மடக்கி முட்டியால் நசுக்குவதோ உள்தசையைக் கிழிக்கும். பார்பரிக்கு இரண்டு விரலே போதும். ஓய்ந்ததும் குட்டி முட்டுவதுபோல் மடியை மெல்லத் தட்டிவிட்டு மறுபடி கறந்தால் கொழுப்பான கடைசிப் பால் வரும். முடிந்ததும் காம்பை நீர்த்த பொவிடோன் அயோடினில் முக்குங்கள். அரை மணி நேரம் படுக்கவிடாமல் தழை போட்டு நிற்கவையுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும். குட்டியை விடும் முன் அயோடினைத் துடைத்துவிடுங்கள்.

மடி ஒரு பக்கம் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்தப் பாலைத் தனியே கறந்து கொட்டிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பால் எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்துக்கும் அதே கேள்வி உண்டு.

நோயில் நம் பக்கத்துக்குரியவை

மழைக்குப் பிறகு ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுதான் முதல் எதிரி. நாள்காட்டி பார்த்து மருந்து கொடுப்பதைவிட, ஐப்பசி முதல் தை வரை 15 நாளுக்கு ஒருமுறை கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் தாமதமாகிவிட்டது. புதிய புழுக்கையைக் கொஞ்சம் பையில் கட்டி மருந்தகத்தில் கொடுத்தால் எந்தப் புழு என்று பார்த்து மருந்து தருவார்கள். வயல்வெளி ஆடுகளுக்கு நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழுவும் சேரும், அதற்கு மருந்து வேறு. சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது. பனி காயும் முன் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். புழுக்குஞ்சு ஈரப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும் நேரம் அது.

ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டிக்கு நான்காம் மாதத்தில் தடுப்பூசி, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. துள்ளுமாரிக்கு முதல் தடவை இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. பரணில் நிற்கும் ஆட்டின் குளம்பு தேயாது; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீவிவிடுங்கள். குளம்பிடுக்கில் நாற்றம் அடித்தால் லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, காலைப் பத்து நிமிடம் அதில் நிற்கவைக்க வேண்டும்.

அடுப்படியில்

பாலை உடனே வடிகட்டி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துங்கள். ஆட்டுப்பால் கவிச்சை அடிக்கிறது என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான் தவறியிருக்கும்; மற்றவை கிடா நாற்றமும் அழுக்கு மடியும். வெங்காயத் தாள் போன்ற வாடைத் தழைகளைக் கறந்த பிறகே கொடுங்கள். பச்சைப் பால் எக்காரணத்துக்கும் குடிக்கக்கூடாது, பொங்கக் காய்ச்சியே ஆக வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்காதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒவ்வாது, மருத்துவரைக் கேட்காமல் பழக்காதீர்கள்.

கொழுப்பு மணிகள் சிறியவை என்பதால் ஏடு மெல்லியதாகத்தான் படியும், வெண்ணெய் எடுக்கப் பாடுபட வேண்டாம். சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். பெருந்தீயில் ஆட்டுப்பால் சில சமயம் திரிந்துவிடும். டீத்தூளை வேறாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டிய பிறகு சூடான பாலைச் சேர்த்தால் திரியாது. தயிர் இளகலாகத்தான் உறையும். கெட்டியாக வேண்டுமானால் பாலைக் கால் பங்கு சுண்டவைத்து, கை பொறுக்கும் சூட்டில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி புளிக்காத தயிர் கலந்து, மண்சட்டியில் ஊற்றி அசைக்காமல் வையுங்கள்.